பிளந்து பிறந்த முகமும் மனிதன் கண்ட மருத்துவமும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததெனக் கேட்டால், சுற்றத்தார் முதலில் வினவுவது ஆணோ பெண்ணோ என்பது. அடுத்து வினவுவது யாருடைய சாயல் என்பது. மனிதர் மனிதரை அறிவது முகத்தால். ஆதலின், மேலுதடு பிளந்தோ, அண்ணம் திறந்தோ, மண்டையோடு ஒடுங்கிக் கண்கள் பிதுங்கியோ ஒரு மகவு பிறக்குமாயின், அவ்வீட்டில் மகிழ்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் மௌனம் நின்றுவிடுகின்றது. குழந்தையைக் காண வந்தோர் தாயைக் காண்கின்றனர். “என்ன செய்தாளோ” என்னும் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாவிடினும் அவள் செவியில் விழுகின்றது.

இஃது எங்கோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேரும் அரிய செய்தியன்று. உலகத்தில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று வீதம் உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு நிகழ்கின்றது. சாதி, சமயம், செல்வம், வறுமை என்னும் வேற்றுமை இதற்கில்லை. அரண்மனையிலும் பிறக்கும், தோட்டத்து லயத்திலும் பிறக்கும். வேற்றுமை பிறந்த பின்னரே தொடங்குகின்றது. ஒரு குழந்தை தக்க வைத்தியரிடம் தக்க காலத்தில் போய்ச் சேர்கின்றது. மற்றொன்று மூலையில் மறைக்கப்படுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மனித அறிவு எங்ஙனம் கடந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரகணக் கதை

கர்ப்பவதி கிரகணத்தின்போது வெளியே வந்தாள், அரிவாள்மணையைத் தொட்டாள், ஆகவே குழந்தையின் உதடு அறுபட்டது என்று நம்மவர் கூறுவர். இந்நம்பிக்கை நமக்கே உரியதன்று. மெக்சிகோ தேசத்துப் பழங்குடி மக்களும் சந்திர கிரகணத்தையே குற்றஞ்சாட்டினர்; நிலவை ஏதோ ஒன்று கடித்துவிட்டதாகவும், அந்தக் கடி வயிற்றுப் பிள்ளையின் வாயிலும் விழுவதாகவும் எண்ணினர். சீனரோ கிரகணத்தை விட்டு, கர்ப்பிணி முயலிறைச்சி உண்டதைக் காரணமாக்கினர். ஐரோப்பியர் கர்ப்பிணியின் வழியில் முயல் குறுக்கிட்டதைக் காரணமாக்கினர். ஒரே நோய்க்கு ஒவ்வொரு தேசத்திலும் ஒவ்வொரு காரணம்! முயலை உண்ணாத தமிழச்சிக்கும் இக்குழந்தை பிறக்கின்றது. கிரகணத்தைப் பொருட்படுத்தாத ஆங்கிலப் பெண்ணுக்கும் பிறக்கின்றது. இக்கதைகள் அனைத்திலும் பொதுவாயிருப்பது ஒன்றே: பழி தாயின் தலையில் விழுகின்றது.

உண்மை யாதெனில், கருவின் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வரும் சதை மடிப்புகள் நடுவே வந்து கூடி ஒட்டுகின்றன. கர்ப்பத்தின் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மேலுதடு கூடிவிடும். பன்னிரண்டாவது வாரத்துக்குள் அண்ணமும் மூடிவிடும். அவ்வேளையில் அக்கூடுகை நிகழாது போனால் பிளவு நிலைத்துவிடுகின்றது. அதாவது, தான் கர்ப்பமுற்றிருப்பதைப் பல தாய்மார் உறுதியாக அறிந்துகொள்ளும் முன்பே உதட்டின் கணக்கு முடிந்துவிடுகின்றது. ஏழாம் மாதத்துக் கிரகணம், மூன்றாம் மாதத்துக்குள் முடிந்துவிட்ட காரியத்தைக் கெடுப்பதெங்ஙனம்? பரம்பரை ஒரு பங்கும், சூழ்நிலை ஒரு பங்குமாகப் பல காரணங்கள் கூடியே இது விளைகின்றது. தாய் புகை பிடித்தலும், வலிப்புக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் இவ்வாய்ப்பை மிகுவிக்கும் என்று கண்டிருக்கின்றனர். எனினும் பெரும்பாலான குடும்பங்களில் ‘இதுதான் காரணம்’ என்று விரலைச் சுட்டிக் காட்ட எதுவும் இராது.

சீன தேசத்து இளைஞர்

இனி வைத்தியத்தின் வரலாற்றுக்கு வருவோம். பிளவுதட்டைத் தைத்துச் சேர்த்ததாக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று சீனத்திலிருந்து வருகின்றது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜின் வம்சத்தார் ஆட்சியில், வெய் யொங்ஜி என்னும் வறிய இளைஞர் பிளந்த உதட்டோடு வாழ்ந்து வந்தார். அவருக்கு வயது 18. ஜிங்ஜோவ் மாகாணத்துத் தலைவரிடம் இதனைக் குணப்படுத்த வல்ல வைத்தியர் ஒருவர் இருக்கின்றார் என்று கேள்வியுற்றார். வழிச்செலவுக்குப் பொருளில்லை. சில மரக்கால் அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வைத்தியர் அவரைச் சோதித்து, அறுத்துச் சேர்க்கலாம். ஆனால் 100 நாள் கஞ்சி மட்டுமே குடிக்க வேண்டும், பேசவும் சிரிக்கவும் கூடாது என்றார். பாதி ஆயுள் பேசாதிருக்க நேரினும் மீதிப் பாதிக்காக இசைவேன், 100 நாள் எம்மாத்திரம் என்பது அவ்விளைஞர் கூறிய விடையின் கருத்து. உதடு கூடிற்று. பிற்காலத்தில் அவர் உயர்பதவிகள் பெற்று, வைத்தியம் நாடிச் சென்ற அதே ஜிங்ஜோவ் மாகாணத்துக்கே தலைவரானார். 7ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஜின் வம்ச சரித்திரத்தில் இச்செய்தி காணப்படுகின்றது.

இதில் நாம் நோக்கத்தக்கது வைத்தியரின் திறன் மட்டுமன்று. உதட்டைத் தைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று அவர் எண்ணவில்லை. காயம் ஆறும்வரை உணவும் அசைவும் எங்ஙனம் இருக்க வேண்டுமென்று முறை வகுத்தார். நோயாளியும் அதற்குக் கட்டுப்பட்டார். நல்ல வைத்தியத்துக்கு இவ்விரண்டும் இன்றளவும் வேண்டப்படுகின்றன.

இந்திய தேசமும் இக்கலையில் பின்தங்கியதன்று. அறுபட்ட மூக்கையும் காதையும் சதை கொண்டு புதுப்பிக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் கூறுகின்றது. நூலில் உறங்கிய அவ்வித்தையைக் கையில் வைத்துக் காத்தவர் யார்? 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று, பூனா நகரருகே நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கப்பட்டதைப் படத்துடன் வெளியிட்டது. அதனைச் செய்தவர் செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர் என்று அச்செய்தி கூறிற்று. பண்டிதர் தாழ்த்தி வைத்த ஒருவரின் கைத்திறனை லண்டன் வைத்தியர் ஜோசப் கார்ப்யூ 1814இல் பின்பற்றி வெற்றி கண்டார். ஐரோப்பாவின் முகச்சீரமைப்புக் கலைக்கு அது புதிய ஊக்கம் தந்தது.

மூடிய துளையும் மூடாத பேச்சும்

உதடு வெளியே தெரிவது. அண்ணம் உள்ளே மறைந்தது. அண்ணம் திறந்திருந்தால் குழந்தையால் பால் உறிஞ்ச இயலாது. குடித்த பால் மூக்கின் வழியே வரும். வளர்ந்த பின் பேச்சு முழுவதும் மூக்கால் ஒலிக்கும். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ரண வைத்தியர் அம்புருவாஸ் பாரே, பொன்னாலோ வெள்ளியாலோ செய்த தகட்டைக் கொண்டு அண்ணத் துளையை அடைக்கும் வழியை விவரித்தார். தகட்டின் மேற்புறத்தே இணைத்த கடற்பஞ்சு ஈரத்தில் உப்பி அதனைத் தாங்கி நிற்கும். இது மூடியேயன்றி வைத்தியமன்று. எனினும் பன்னூறு ஆண்டுகள் இதற்கு மேற்பட்ட உதவி கிட்டவில்லை.

1816இல் பெர்லினில் கார்ல் பெர்டினந்து கிரேபே என்பவர் பின்னண்ணத்தைத் தைத்துச் சேர்த்ததை அறிவித்தார். 1819இல் பாரிஸ் நகரத்து ரூ என்னும் ரண வைத்தியர், எடின்பரோவில் மருத்துவம் பயின்ற ஜான் ஸ்டீபன்சன் என்னும் கனடா தேசத்து மாணவருக்கு அதே சிகிச்சையைச் செய்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. விழித்திருந்தபடியே, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தொண்டையருகே ஊசி ஏறுவதை அம்மாணவர் பொறுத்துக்கொண்டார். சிகிச்சைக்குப் பின் அவர் குரல் மாறிற்று. மறு ஆண்டு, தமக்குச் செய்யப்பட்ட அச்சிகிச்சையையே பொருளாகக் கொண்டு பட்டத்துக்கான ஆராய்ச்சி நூலை எழுதினார். தாயகம் திரும்பி, 1823இல் மொன்றியாலில் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்விக்கூடத்தின் நிறுவனர் நால்வரில் ஒருவரானார். அதுவே பின்னர் மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பகுதியாயிற்று. பேச்சு தெளியாதிருந்தவர் மாணவர் முன் நின்று விரிவுரை நிகழ்த்தினார் என்பது, இக்குழந்தைகளைப் ‘படிப்புக்கு உதவாதவர்’ என்று தள்ளுவோர் அறியவேண்டிய செய்தி.

1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் மெய்ப்பிக்கப்பட்டது. அதன் பின்னரே சிறு குழந்தைகளின் அண்ணத்தில் அமைதியாகக் கைவைக்க வழி பிறந்தது. 1861இல் பெர்லினில் லாங்கன்பெக் என்பவர் அண்ணத்தின் சதையை எலும்புறையோடு சேர்த்து எடுத்து நடுவே கொணர்ந்து தைக்கும் முறையை வெளியிட்டார். துளைகள் மூடின. ஆயினும், துளை மூடிய பின்னும் பல குழந்தைகளின் பேச்சு தெளியவில்லை. ஏனெனில் அண்ணம் வெறுங்கூரையன்று. பேசும்போது பின்னே உயர்ந்து மூக்கின் வாயிலை அடைக்கும் தசைக்கதவு அது. கூரையை வேய்ந்துவிட்டுக் கதவை அசையாமல் விட்டால் பயனென்ன? பாரிஸ் வைத்தியர் விக்டர் வோ போன்றோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தசைகளைச் சேர்ப்பதில் கருத்தூன்றினர். அவருடைய பெருநூல் 1931இல் வெளிவந்தது.

இதிலிருந்து மற்றோர் உண்மை தெளிவாயிற்று. தைப்பவர் ஒருவர் போதார். பேச்சுப் பயிற்றுவோர், பல் வைத்தியர், செவி வைத்தியர் யாவரும் வேண்டும். 1938இல் அமெரிக்காவில் லங்காஸ்டர் என்னும் ஊரில் ஹெர்பர்ட் கூப்பர் என்னும் பல் வைத்தியர், இவர்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடி ஒரே குழந்தையைப் பார்க்கும் நிலையத்தைத் தொடங்கினார். கத்தியெடுத்த கைகளன்றிப் பல்லைப் பார்த்த கண்கள் இதனை முதலில் உணர்ந்தது வியப்புக்குரியதே.

உதட்டுச் சிகிச்சைக்கும் புதிய வழி பிறந்தது. கொரியாவில் அமெரிக்கக் கடற்படை வீரரோடு பணியாற்றிய ரால்ப் மில்லார்ட், அங்கே பிளவுதட்டோடு வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்கையில், மேலேறிய உதட்டுப் பகுதியைச் சுழற்றிக் கீழிறக்கி, எதிர்ப்பக்கத்துச் சதையை முன்னகர்த்தி அவ்விடத்தை நிரப்பும் முறையை வகுத்தார். சதை வீணாகாது, தழும்பும் மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே இயற்கையாக உள்ள மேட்டுக்கோட்டில் மறையும். 1955இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இதனை அவர் வெளியிட்டார். இன்று பல தேசங்களில் கையாளப்படும் முறைகளுக்கு இதுவே அடிப்படை.

மண்டையோட்டைத் தொட்ட துணிவு

நிற்க. பிளவைவிடக் கடினமான குறைகள் உள. குழந்தையின் மண்டையோடு பல எலும்புகளால் ஆனது. மூளை வளர்வதற்கு இடந்தரும் பொருட்டு அவற்றின் மூட்டுகள் நெகிழ்ந்திருக்கும். சில குழந்தைகளுக்கு அம்மூட்டுகள் முன்னரே இறுகிவிடும். அப்போது தலை கோணுகின்றது, நடுமுகம் பின்வாங்குகின்றது, கண்கள் தங்கக் குழியின்றிப் பிதுங்குகின்றன, மூச்சும் இடர்ப்படுகின்றது. இதில் ஒரு வகையை 1906இல் பிரெஞ்சு வைத்தியர் அபேர் விவரித்தார்; அவ்வகையில் கைகால் விரல்களும் ஒட்டியிருக்கும். மற்றொரு வகையை 1912இல் குரூசோன் என்பவர் ஒரு தாயிடமும் அவள் மகனிடமும் கண்டெழுதினார். கண்டெழுதினரேயன்றிக் குணப்படுத்த வழியறியார். லண்டனில் ஹெரால்டு கில்லீஸ் நடுமுகத்தை அறுத்து முன்னே கொணர்ந்த ஒரு சிகிச்சையை 1950இல் வெளியிட்டார். ஆனால் அது பழைய நிலைக்கே திரும்பிற்று.

போல் தெசியே என்னும் பிரெஞ்சு ரண வைத்தியர் இங்கே வருகின்றார். 1917இல் நாந்த் நகரருகே பிறந்தவர். குரூசோன் விவரித்த குறையோடு வந்த ஓர் இளைஞரைக் கண்டு, இதற்கு வழியில்லை என்று கூறி அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. பாரிசில் பகற்பணி முடித்து, ரயிலேறி நாந்த் சென்று, அங்கே பிரேதங்களின் மண்டையோட்டில் அறுத்துப் பயின்று, மீண்டும் பாரிஸ் திரும்புவார். பின்னர், பாரிசையடுத்த போஷ் ஆஸ்பத்திரியில் மூளை வைத்தியர் ழெரார் கியோவோடு கூடி, மண்டைக்குள்ளிருந்தே முகத்தெலும்பை அணுகும் வழியைத் திறந்தார். முகத்தைத் திருத்துவோர் மூளையின் எல்லையைத் தாண்டலாகாது என்னும் பழைய அச்சம் அன்றே முறிந்தது. 1967இல் ரோமாபுரியில் கூடிய உலக மாநாட்டில் தம் சிகிச்சைகளின் படங்களைக் காட்டினார். அதன் பின் பல துறை வல்லுநர்களைத் தம் ஆஸ்பத்திரிக்கு வருவித்து, தம் சிகிச்சையை நேரிற் கண்டு தீர்ப்பளிக்குமாறு வேண்டினார். தம் வித்தையை மறைத்து வைக்கும் வைத்தியருக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமை இது.

அவ்வழி வந்தவர்கள் உலகெங்கும் நிலையங்கள் கண்டனர். 1975இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டேவிட் டேவிட் என்பார் நிறுவிய நிலையத்துக்குத் தென்கிழக்காசியக் குழந்தைகளும் கொண்டு செல்லப்பட்டனர். மூக்கின் அடிவழியே மூளையுறை வெளித்தள்ளும் ஒரு பிறவிக்குறை ஐரோப்பாவைக் காட்டிலும் நம் பகுதியிலேயே மிகுதியாகக் காணப்படுவது இதற்கு ஒரு காரணம்.

இக்குறைகளின் வேரும் பின்னர்ப் புலனாயிற்று. குரூசோன் குறைக்கு 1994இலும், அபேர் குறைக்கு 1995இலும், பத்தாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரே மரபணுவின் மாறுதல் காரணமெனக் கண்டனர். அபேர் குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, புதிதாகவே தோன்றுகின்றது. அங்ஙனம் புதிதாய்த் தோன்றிய மாறுதல், ஆராயப்பட்ட குடும்பங்களில் தந்தைவழி வித்திலிருந்தே வந்திருந்தது. நூற்றாண்டுகளாகத் தாயைச் சுட்டிய விரலுக்கு இது தக்க விடை. ஆயினும் அவ்விரலைத் தந்தையின் பக்கம் திருப்புவதும் அறிவுடைமை ஆகாது. ஓர் எழுத்து மாறியதற்கு எவரும் குற்றவாளியல்லர்.

எண்ணிப் பார்த்த இங்கிலாந்து

வைத்தியம் உளது; ஆனால் எல்லா வைத்தியமும் நல்ல வைத்தியமா? இவ்வினாவை இங்கிலாந்து தன்னையே கேட்டுக்கொண்டது. அந்நாட்டில் பிளவுச் சிகிச்சை 57 இடங்களில் நடைபெற்று வந்தது. ஐரோப்பிய நிலையங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டபோது, விளைவுகள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பல இடங்களில் வைத்தியர் ஒருவர் ஆண்டொன்றுக்குக் காணும் குழந்தைகள் மிகச் சிலர். 1998இல் வெளிவந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை, 57 இடங்களை 8 முதல் 15 வரையான நிலையங்களாகக் குறைக்குமாறு கூறிற்று. அருகிலுள்ள கதவைக் காட்டிலும் பழகிய கை மேலானது என்பதே அதன் சாரம்.

தோட்டத்துக்கு டிரெசரே வைத்தியராயிருந்த காலத்தில் நம் முன்னோருக்குத் தேர்ந்தெடுக்கும் நிலையே இல்லை. இன்று அந்நிலை மாறிற்று. சிங்கப்பூரில் கே.கே. ஆஸ்பத்திரியிலும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் பல துறை வைத்தியர் கூடி இக்குழந்தைகளைப் பார்க்கின்றனர். வறுமை தடையாகும் தேசங்களில் உதவ 1999இல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் என்னும் அறநிறுவனம், உள்ளூர் வைத்தியர்களைக் கொண்டே இலவசச் சிகிச்சை செய்விக்கின்றது. இந்தியாவில் ஏராளமான குழந்தைகள் அதனால் பயன் பெற்றுள்ளனர்.

பெற்றோர் கடமை

பெற்றோர் அறியவேண்டிய முறையைச் சுருங்கக் கூறுவோம். முதற்கவலை பால். அண்ணம் பிளந்த குழந்தையை நிமிர்த்தி வைத்து, மெல்ல அமுக்கிப் பால் புகட்டத்தக்க புட்டியால் ஊட்ட வேண்டும். இதனைக் கற்பிக்கும் தாதியர் நல்ல நிலையங்களில் உளர். எடை ஏறுவதே முதல் வெற்றி. உதட்டுச் சிகிச்சை பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள். அண்ணச் சிகிச்சை ஏறத்தாழ ஒரு வயதையொட்டி. 2023இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 558 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி, 6 மாதத்தில் அண்ணம் மூடப்பட்டோருள், 5 வயதில் பேச்சின்போது அண்ணம் சரிவர மூடாமை நூற்றுக்கு 9 பேருக்கும், 12 மாதத்தில் மூடப்பட்டோருள் 15 பேருக்கும் இருந்ததாகக் கூறிற்று. ஆதலின் காலங்கடத்துதல் தீங்கு. ஆயின், குழந்தையின் உடல்நிலைக்கேற்ற காலத்தை வைத்தியரே குறிக்க வேண்டும்.

அதனோடு முடிந்துவிடாது. நடுச்செவியில் நீர் தங்கி இக்குழந்தைகளுக்குக் கேள்வி மந்தமாவதுண்டு. ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று அடிக்குமுன் செவியைச் சோதிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நிகழ வேண்டும். ஈற்றில் பிளவிருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் எலும்பு ஒட்டுச் சிகிச்சை தேவைப்படலாம். தாடையைச் சீர்செய்வதாயின் வளர்ச்சி முடிந்த பின். ஒரே நாளில் முகம் மாறுமென்று எண்ணிச் சென்றோர் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர். அதனால் கெடுவது குழந்தையின் பேச்சே.

வைத்தியரிடம் கேட்கத் தயங்கலாகாத கேள்விகளும் உண்டு. ஆண்டுக்கு இத்தகைய குழந்தைகள் எத்தனை பேரைத் தாங்கள் பார்க்கின்றீர்கள்? பேச்சுக்கும் செவிக்கும் பல்லுக்கும் பொறுப்பாளர் யார்? பத்தாண்டு கழித்தும் எங்கள் பிள்ளையின் குறிப்பேடு ஒரே இடத்தில் இருக்குமா? இவை அவமதிப்பான கேள்விகளல்ல. நல்ல வைத்தியர் இவற்றைக் கேட்டு மகிழ்வர்.

வீட்டில் செய்ய வேண்டியதும் வைத்தியமே. குழந்தையைத் திருமணங்களுக்கும் கடைத்தெருவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அதன் குறையையே பெயராக்கி அழைக்கும் கீழ்மையை ஊரில் ஒருவரிடமும் அனுமதியாதீர்கள். ‘மூளி’ என்னும் ஒரு சொல், எந்தக் கத்தியாலும் ஆற்ற முடியாத காயத்தை உண்டாக்கும். பிறர் வினவினால் “நான் இப்படித்தான் பிறந்தேன், டாக்டர் தைத்துவிட்டார்” என்று சொல்லக் குழந்தைக்கே கற்பியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் முன்னரே பேசுங்கள். மற்றப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் படிப்பையும் ஒழுங்கையும் இப்பிள்ளையிடமும் எதிர்பாருங்கள். இரக்கம் மிகுந்தால் அதுவும் ஒரு தள்ளிவைப்பே.

1,600 ஆண்டுகளுக்கு முன் சில மரக்கால் அரிசியோடு நடந்து சென்றார் ஓர் இளைஞர். விழித்திருந்தபடியே ஊசியைப் பொறுத்தார் ஒரு மாணவர். இரவு ரயிலில் போய்ப் பயின்றார் ஒரு வைத்தியர். இவர்களெல்லாம் சேர்ந்து திறந்த வழியில் இன்று நம் குழந்தை நடந்து செல்லலாம். அவ்வழியை மறித்து நிற்பது கிரகணமன்று, நம் வெட்கமே. வெட்கத்தை விலக்கினால், வைத்தியசாலைக்கு வழி தானே புலப்படும்.